கோழியைப் பாடினவர் குஞ்சையும் பாடினார்

(பல்லடத்தில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: பாபநாசம் சிவனின் பாடல்களைப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்த ஏற்ற வழி – கச்சேரி மேடையா? திரைப்படமா? ‘திரைப்படமே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியில் சுருதி பிசகாமல் பேசி அமர்ந்திருக்கிற பெருமக்களே! தறியை நிறுத்திவிட்டு, கோழிப்பண்ணைக்கு ஆள் வைத்துவிட்டு, சோத்தைக்கூட ஆறப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற பல்லடத்துப் பெரியோர்களே, தாய்மார்களே! 

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஓர் உவமை சொன்னார்கள். “பாபநாசம் சிவன் ஒரு கோயில். கச்சேரி மேடைதான் அதற்கு ராஜகோபுரம். அந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். சினிமா என்பது சந்துவழி” என்றார்கள். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்லா இருந்தது, தட்டினேன். ஆனா அம்மா, கோயிலுக்குப் பூக்கட்டிக் கொண்டு வர்றவங்க எந்த வழியா வர்றாங்க? பால் கொண்டு வர்றவர்? மேளக்காரர்? பக்கத்து வாசல் வழியாத்தானே வர்றாங்க? சாமி என்னைக்காவது, ‘நீ சந்துவழியா வந்தவன், உனக்கு விபூதி கிடையாது’ன்னு சொல்லியிருக்கா? (சிரிப்பு)

நடுவர் அவர்களே, இந்தச் சபையில் முன்வரிசையில் இருக்கிற பெரியவர்களுக்கு பாபநாசம் சிவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதோ பின்னால், கம்பத்தில் சாய்ந்துகொண்டு, கையில் செல்போனோடு நிற்கிறார்களே தம்பிகள், அவர்களுக்குச் சொல்ல வேண்டும். தலைப்பே அவர்களைப் பற்றியதுதான். எதிரணி நண்பர்கள் இதுவரை பேசியதெல்லாம் முன்வரிசைக்கு. நான் கொஞ்ச நேரம் பின்வரிசைக்குப் பேசிவிட்டு வருகிறேன்.

தம்பி, பாபநாசம்னு சொன்னதும் உங்களுக்குக் கமல்ஹாசன் படம் ஞாபகம் வரும். கொஞ்சம் வயசானவங்களுக்கு அருவி ஞாபகம் வரும், திருநெல்வேலிப் பக்கம். ரெண்டும் இல்லை. இது தஞ்சாவூர் ஜில்லா பாபநாசம். அவர் பிறந்தது அங்கேகூட இல்லை. நாகப்பட்டினம் பக்கத்தில் போலகம் என்கிற கிராமம். 1890-ஆம் வருஷம். வீட்டில் வைத்த பெயர் ராமய்யா. தகப்பனார் சின்ன வயசிலேயே போய்விட்டார். அந்தத் தாய் யோகாம்பாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிழைப்புத் தேடித் திருவனந்தபுரம் போனார். அங்கே ராமய்யா சம்ஸ்கிருதம் படித்தார், நீலகண்ட சிவனின் பக்திப் பாட்டுகளில் ஊறினார். இருபது வயசில் தாயும் போய்விட்டார். அதற்குப் பிறகு கோயில் கோயிலாக அலைச்சல். அண்ணனுக்குப் பாபநாசத்தில் வேலை. அதனால் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. உடம்பெல்லாம் விபூதியோடு பஜனை பாடிக்கொண்டு வருகிறவரைப் பார்த்த கிராமத்து ஜனங்கள், ‘சிவனே வந்த மாதிரி இருக்கிறதே’ என்றார்களாம். ராமய்யா போய்ச் சிவன் ஆகிவிட்டார். ஆனா பாட்டுக்குள்ள வைக்கிற முத்திரைப் பெயர் மட்டும் ராமதாசன். ஊரு சிவன்னு கூப்பிடுது, இவர் ராமனுக்கு தாசன்னு கையெழுத்துப் போடறார். எந்த வேலிக்குள்ளும் அடங்காத ஆள் என்பது பெயரிலேயே தெரிகிறதா இல்லையா?

இன்னொரு தகவல், அரசியல் பிரியர்களுக்காக. 1988 ஜனவரியில் இந்தத் தமிழ்நாட்டுக்கு முதலமைச்சராக இருந்தார்களே திருமதி வி.என்.ஜானகி அம்மையார், அவர் சிவனுடைய உடன்பிறந்த சகோதரரின் மகள். (கைதட்டல்) இதற்குக் கைதட்டுகிறீர்கள். பாட்டுக்கும் தட்டுங்கள்.

அவர் செய்தது என்ன? பாட்டை எழுதினார். அதற்கு ராகம் போட்டார். தாமே பாடினார். மூன்றும் ஒரே ஆள். இதிலென்ன அதிசயம் என்று கேட்பீர்கள். நம்ம பக்கத்துத் தறிக்காரர்கிட்டக் கேளுங்க, சொல்வார். பாவு ஓட்டறது ஒருத்தர், ஊடை போடறது ஒருத்தர், மடிச்சுக் கட்டறது ஒருத்தர்னு ஆனா, துணியில எங்காவது ஓரிடத்தில இழை நெருடும். ஒரே கை செஞ்சா நெருடாது. சிவன் பாட்டில் எந்த இடத்தில் சொல் நீள வேண்டுமோ அந்த இடத்தில் ராகமும் நீளும். கெஞ்சுகிற இடத்தில் சுரமும் இறங்கிக் கெஞ்சும். எழுதும்போதே காதுக்குள் பாடிப் பார்த்து எழுதியவர் என்பது, சங்கீதம் தெரியாதவனுக்கும் கேட்டால் புரியும். ‘தமிழ்த் தியாகையர்’ என்று அவரைச் சொன்னது அதனால்தான். 1971-இல் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்தது. அடுத்த வருஷம் பத்மபூஷண். 1973 அக்டோபர் முதல் தேதி மறைந்தார்.

சங்கீத கலாநிதி என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தப் பட்டத்தை உங்க ஊரு வாங்கியிருக்கிறது, தெரியுமா? புல்லாங்குழல் மேதை பல்லடம் சஞ்சீவ ராவ். கும்பகோணம் சரப சாஸ்திரிகளின் சிஷ்யர். 1943-இல் வாங்கினார். சங்கீத உலகத்தில் ‘பல்லடம்’ என்று சொன்னால் ரேட்டுக் கேட்க மாட்டார்கள், குழலைத்தான் நினைப்பார்கள். (சிரிப்பு, கைதட்டல்)

அதே 1943. இங்கிருந்து இதே திருச்சி ரோட்டில் மேற்கே போங்கள். சூலூர் தாண்டி, ஒரு முப்பது கிலோமீட்டரில் சிங்காநல்லூர். அங்கே சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது. அந்த வருஷம் அங்கே உருவாகி வெளிவந்த படம் ‘சிவகவி’. பட்சிராஜா படம், எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு. கதாநாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதர். பாட்டு பாபநாசம் சிவன். அடுத்த வருஷம் தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’. அதுவும் நம்ம சென்ட்ரல் ஸ்டூடியோதான், பாட்டு அவர்தான். சென்னை பிராட்வே தியேட்டரில் 1944, 45, 46 என்று மூணு தீபாவளி பார்த்த படம். பாகவதர் திருச்சிக்காரர். திருச்சி ரோடு எந்த ஊர் வழியா வருது? இந்த ஊர் வழியாத்தானே வருது? இங்கே வண்டியை நிறுத்தி அவர் காப்பி குடித்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். நிறுத்தியிருந்தால் ஊர் தாங்கியிருக்காது.

எதிரணி நண்பர் கேட்டார்: “சினிமா சென்னையில், பம்பாயில் எடுக்கிறார்கள், அதற்கும் மண்ணுக்கும் என்ன சம்பந்தம்?” ஐயா, கச்சேரி சபாதான் மயிலாப்பூரில் இருந்தது. சினிமா நம்ம சிங்காநல்லூரில் இருந்தது! (கைதட்டல்)

இப்போது அந்த ‘சிவகவி’ கதையைச் சொல்கிறேன். ஏனென்றால் இன்றைய பட்டிமன்றத் தீர்ப்பு அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

பொய்யாமொழிப் புலவர் என்று ஒருவர். சிவபெருமானைத் தவிர யாரையும் பாட மாட்டேன் என்கிற வைராக்கியம். முருகன் வந்து, ‘என்னையும் ஒரு பாட்டுப் பாடேன்’ என்று கேட்டானாம். புலவர் என்ன சொன்னார்? ‘கோழியைப் பாடுகிற வாயால் குஞ்சைப் பாடுவேனா?’ என்றார். கோழி அப்பன், குஞ்சு மகன். கோழி, குஞ்சு சமாசாரத்தைப் பல்லடத்தில் பேசாமல் வேறெங்கே பேசுவது? (பலத்த சிரிப்பு) முருகன் சும்மா விடுவானா? புலவர் காட்டு வழியில் போகும்போது வேடனாக வந்து மறித்தான். ‘என் பேரில் ஒரு பாட்டுப் பாடினால்தான் வழிவிடுவேன்’ என்றான். ‘உன் பேர் என்னப்பா?’ ‘முட்டை!’ உயிருக்குப் பயந்து புலவர் பாடினார். பாடி முடித்ததும் வேடன் சிரித்தான்: ‘குஞ்சைப் பாட மாட்டேன் என்றாய். முட்டையையே பாடிவிட்டாயே!’ அப்புறம்தான் புலவருக்குக் கண் திறந்தது. இது வழிவழியாகச் சொல்லும் கதை. அந்தப் புலவர் வேஷத்தில்தான் பாகவதர் நடித்தார்.

நான் எதிரணியைக் கேட்கிறேன். கீர்த்தனை பாடுகிற வாயால் சினிமாப் பாட்டா என்கிறீர்களே, இது எந்தக் குரல்? கோழியைப் பாடும் வாயால் குஞ்சைப் பாடுவேனா என்கிற அதே குரல்தானே? அந்தக் கர்வம் உடைந்த கதைக்கே உட்கார்ந்து பாட்டெழுதியவர் ஐயா சிவன்! அவரை நீங்கள் மறுபடியும் கோழிக்கூட்டில் அடைக்கப் பார்க்கிறீர்களே, நியாயமா? (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே மணியில் கை வைக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள் ஐயா. சொல்ல வந்ததை இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

எங்க அப்பா விசைத்தறி ஓட்டினவர். தறிச் சத்தத்துல பேச முடியாது, உங்களுக்குத் தெரியும். ஆனா பாட முடியும். பக்கத்துல நிக்கிறவனுக்குக் கேக்காது, பாடறவனுக்கு மட்டும் கேக்கும். அப்படி எங்க அப்பா எட்டு மணி நேர ஷிப்ட் முழுக்கப் பாடுவார். எல்லாம் பாகவதர் பாட்டு. டூரிங் கொட்டாய்ல பழைய படம் வரும்போதெல்லாம் போய்ப் பார்த்துப் பாடம் பண்ணினது. கல்யாண வீட்டுல மரத்துல குழாய் கட்டிப் போடற ரெக்கார்டைக் கேட்டுப் பாடம் பண்ணினது. ராகம் என்ன, தாளம் என்ன, ஒண்ணும் தெரியாது. ஆனா ஒரு சங்கதி விடாது. ஒரு தடவை தப்பா விழுந்தா நிறுத்தி, திரும்ப எடுத்துப் பாடுவார்.

நான் காலேஜ் முதல் வருஷம் படிக்கும்போது ஒரு ஊரில் நவராத்திரிக் கச்சேரி. எந்த ஊர், யார் பாடினார்கள் என்பதெல்லாம் வேண்டாம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். துவைத்த வேட்டி, தோளில் துண்டு. கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை, நெளிந்துகொண்டே இருந்தார். திடீரென்று பாடகர் பந்துவராளி ராகத்தில் ஒரு பாட்டு எடுத்தார். ‘அம்பா மனம் கனிந்து’. எடுத்ததும் எங்கப்பா நிமிர்ந்தார். பாடகர் அடுத்த அடிக்குப் போவதற்குள் இவர் வாய் அங்கே போய்விட்டது. மெதுவாகத்தான் பாடினார். ஆனால் தறிக்கூடத்துப் பழக்கம். அவருக்கு மெதுவாக என்றால் நமக்குச் சத்தம். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், “ஏனுங்க, இந்தக் கீர்த்தனை எல்லாம் உங்களுக்குத் தெரியுமுங்களா?” என்று கேட்டார். அப்பா சந்தோஷமாக, “இது பாகவதர் பாட்டுங்க, சிவகவிங்க!” என்றார்.

சிரித்தார்கள் ஐயா. “பெரியவரே, இது கச்சேரிங்க. சினிமாக் கொட்டாய்னு நெனச்சு வந்துட்டீங்களாட்ட இருக்குது” என்றார் ஒருத்தர். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் என்ன செய்தேன்? நானும் அப்பாவின் கையை அழுத்தி, “சும்மா இருப்பா” என்றேன்.

அப்பா சும்மா இருந்தார். கச்சேரி முடிகிற வரைக்கும் சும்மா இருந்தார். பஸ்ஸில் வரும்போதும் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ கச்சேரிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். “நீ போயிட்டு வா கண்ணு, எனக்கு அதெல்லாம் வெளங்காது” என்பார்.

அவர் போன பிறகு தகரப்பெட்டியைத் திறந்தேன். ரேஷன் கார்டு, தறி முதலாளி கொடுத்த கணக்குச் சீட்டு, அதற்கடியில் சினிமாப் பாட்டுப் புஸ்தகங்கள். நைந்து போன ‘சிவகவி’ பாட்டுப் புஸ்தகம் ஒன்று. பாட்டு: பாபநாசம் சிவன் என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே அந்தப் பந்துவராளிப் பாட்டு. சிவகவி படத்துக்காகப் பாகவதர் பாடிய பாட்டு அது. அங்கிருந்துதான் கச்சேரி மேடைக்கு வந்து கீர்த்தனை ஆனது. எங்கப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்தக் கச்சேரியில் சிரித்தவர்களுக்கு அது தெரியாது. படித்த பிள்ளை எனக்கும் தெரியாது. எங்கப்பாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

அதனால்தான் நடுவர் அவர்களே, இந்தத் தலைப்பில் எனக்கு விளையாட்டுப் பேச்சு முழுசாக வரவில்லை.

சரி. எதிரணியின் வாதங்களுக்கு வருகிறேன். “சினிமாவில் ராகத்தை வெட்டிவிடுகிறார்கள், மூன்று நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்கள்” என்றார் நண்பர். உண்மைதான். அன்றைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் இடம். கச்சேரியில் ஒரு பாட்டை எடுத்தால் ஆலாபனை, நிரவல், சுரம், தனி ஆவர்த்தனம் என்று முக்கால் மணி நேரம் போகும். எனக்கு அது பிடிக்கும். ஆனால் முதல் நாள் வருகிறவனுக்கு? நம்ம வீட்டுக்கு முதல் தடவை வர்ற மாப்பிள்ளைக்குக் காப்பி கொடுப்போமா, இல்லை ஏழு பந்தி சாப்பாட்டை இலையில கொட்டி ‘முழுங்குங்க’ன்னு சொல்வோமா? முதல்ல காப்பி குடிக்கட்டுமுங்க. சாப்பாடு எங்க போகுது?

“சினிமாவுக்கு எழுதும்போது தரம் இறங்கிவிடும்” என்றார் இன்னொருவர். அப்படியா? தமிழில் அந்தக் காலத்துச் சினிமாவில் யார் யார் அவர் பாட்டைப் பாடினார்கள்? 1940-இல் ‘சகுந்தலை’. எம்.எஸ்.சுப்புலட்சுமியும் ஜி.என்.பாலசுப்ரமணியமும். கச்சேரி மேடையின் சிகரங்கள் இரண்டு பேரும் காமிரா முன்னால் நின்று சிவன் பாட்டைத்தானே பாடினார்கள்? கச்சேரியே சினிமாவுக்கு வந்துவிட்டது. நாம்தான் இன்னும் சுவர் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சினிமாப் பாட்டு ஒருவருடைய கைவேலை மட்டும் இல்லை. ஜி.ராமநாதனின் வாத்தியச் சேர்க்கை இல்லாமல் ஹரிதாஸ் பாட்டு இல்லை. பாகவதர் தொண்டை இல்லாமலும் இல்லை. சிவன் என்கிற தனி ஆளைக் கேட்க வேண்டுமென்றால் கடைசியில் கீர்த்தனைக்குத்தான் வந்தாக வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. எங்கே போய்ச் சேர்வது என்பது தலைப்பு இல்லை ஐயா, எங்கே ஆரம்பிப்பது என்பதுதான் தலைப்பு.

“அவர் மொழியில் சம்ஸ்கிருதம் அதிகம், இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது” என்று எங்கள் அணியிலேயே ஒரு நண்பர் பயந்தார். சிவன் சம்ஸ்கிருதத்தில் பெரிய புலமை உள்ளவர், அகராதியே தொகுத்தவர். சொல் கொட்டும். சில கீர்த்தனைகளில் எனக்கே மூச்சு வாங்குகிறது. இன்னும் கொஞ்சம் தமிழாக எழுதியிருக்கலாமே என்று தோன்றியிருக்கிறது. ஆனால் சிவகவியில் ‘வதனமே சந்திர பிம்பமோ’ என்று ஒரு பாட்டு. வதனம் சம்ஸ்கிருதம். சந்திரன் சம்ஸ்கிருதம். பிம்பம் சம்ஸ்கிருதம். எங்கப்பா மூணாங் கிளாஸ். எங்கம்மாவைப் பார்த்து அதைத்தான் பாடுவார்! (சிரிப்பு) எங்கம்மாவுக்கு அதுவும் படிப்புக் கிடையாது. புரியாமலா வெட்கப்பட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனாங்க?

இப்போது பின்வரிசைத் தம்பிகளுக்கு வழி சொல்கிறேன். எழுதிக்கொள்ள வேண்டாம், ஞாபகம் வைத்தால் போதும்.

என் தங்கச்சி மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். காதில் எப்போதும் ஒயர் தொங்கும். ஒரு நாள் அவனிடம், “டேய், ‘மன்மத லீலை’ன்னு பாலசந்தர் படம் பார்த்திருக்கியா?” என்றேன். “கேள்விப்பட்டிருக்கேன் மாமா, கமல் படம்” என்றான். “அந்தப் பேரு எங்கிருந்து வந்துதுன்னு தெரியுமா?” என்று ஹரிதாஸ் பாட்டைப் போட்டுக் காட்டினேன். சாருகேசி ராகம். ராகம் என்று அவனிடம் நான் சொல்லவே இல்லை. முதல் தடவை கேட்டுவிட்டு, “என்ன மாமா, எடுத்த எடுப்பிலேயே மேல போய் நிக்கிறாரு” என்றான். சரியாகத்தான் பிடித்தான். மறுநாள் ‘தூங்காத கண்ணென்று ஒன்று’ போட்டேன், 1963-இல் வந்த ‘குங்குமம்’ படப் பாட்டு. அப்புறம் இளையராஜாவின் ‘ஆடல் கலையே’, ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படம், 1985. மூன்றையும் கேட்டுவிட்டு, “மாமா, மூணும் ஒரே சாடையா இருக்குதே, அண்ணன் தம்பிக மாதிரி” என்றான். ஆமாண்டா, ஒரே ராகம்தான் என்றேன். பெயர் அப்போதுதான் சொன்னேன். சாடை தெரிந்த பிறகு பெயர் சொன்னால் மறக்காது.

அதற்குப் பிறகுதான் கீர்த்தனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எதில் ஆரம்பித்தேன்? யசோதையைப் பார்த்து ‘என்ன தவம் செய்தனை’ என்று கேட்கிற காபி ராகப் பாட்டு. தேவர்கள் எல்லாம் காலைத் தொட ஏங்குகிற கடவுளை ஒரு இடைச்சி உரலில் கட்டிப்போட்டு மிரட்டுகிறாளே, இவள் என்ன புண்ணியம் பண்ணினாளோ என்று பொறாமைப்படுகிற பாட்டு. பிள்ளை பெற்ற எந்த வீட்டிலும் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்குப் போன வருஷம்தான் பையன் பிறந்தான். மூன்று தடவை போடச் சொன்னான்.

அடுத்து காம்போதியில் ‘காணக் கண் கோடி வேண்டும்’. மதுரை மணி அய்யர் பாடியது கிடைத்தால் அதையே கேளுங்கள். மயிலாப்பூர்க் கபாலி பவனி வருகிற அழகைப் பார்த்துப் பாடியது. நாம் மயிலாப்பூர் போக வேண்டாம். அவிநாசித் தேர் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தத் தேர் நிலையை விட்டு அசையும்போது கூட்டத்தில் ஒரு சத்தம் கிளம்புமே, நமக்கும் கண்ணில் தண்ணி முட்டுமே, அந்த நேரத்தில் எத்தனை கண் இருந்தாலும் போதாது என்று தோன்றுமே, அதுதான் பாட்டு. பெருசு பெருசாக ராகம் விரியும். அவசரப்படாதீங்க. தேரும் மெதுவாத்தானே வரும்?

அப்புறம் ‘நானொரு விளையாட்டு பொம்மையா’. நவரச கன்னடம். இதை மட்டும் சந்தோஷமாக இருக்கும்போது கேட்காதீர்கள், வீணாகிவிடும். மனசு ஒடிந்த ஒரு ராத்திரியில் கேளுங்கள். ஆத்தாகிட்டச் சண்டை போடற பிள்ளை மாதிரி அம்பாளிடம் சண்டை போடுவார். பக்தி என்றால் பவ்யம் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, பக்தியில் கோபமும் உண்டு, உரிமையும் உண்டு என்று காட்டியது அந்தப் பாட்டு.

இதெல்லாம் கேட்ட பிறகு என் மருமகன் என்ன கேட்டான் தெரியுமா? “மாமா, ரெண்டும் ஒரே ஆளா? அந்த மன்மத லீலை எழுதினவரும் இந்த யசோதைப் பாட்டு எழுதினவரும் ஒரே ஆளா?” என்றான். எங்கப்பாவுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. நாற்பது வருஷம் கழித்து அவர் பேரனிடம் சொன்னேன்: ஒரே ஆள்தாண்டா.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு செய்தி, அதோடு இறங்கிவிடுகிறேன். சிவன் சினிமாவுக்குப் பாட்டு மட்டும் எழுதவில்லை, நடித்தும் இருக்கிறார். 1939, கல்கி கதை, கே.சுப்ரமணியம் டைரக்ஷன், ‘தியாகபூமி’. வெள்ளைக்கார சர்க்கார் தடை போட்ட படம். அதில் அவருக்கு சம்பு சாஸ்திரி வேஷம். புயல், மழை. சேரி ஜனங்களுக்கு ஒதுங்க இடமில்லை. சம்பு சாஸ்திரி தம்முடைய மாட்டுக் கொட்டகையைத் திறந்து அவர்களை உள்ளே விடுகிறார். அக்ரகாரம் அவரை ஜாதியை விட்டுத் தள்ளிவைக்கிறது. ‘யாரை உள்ளே விடுவது’ என்கிற கேள்விக்கு வேஷம் கட்டி நின்றே பதில் சொன்ன மனிதர் அவர். மார்கழி விடியற்காலையில் அவர் பாடினதும் எந்த மண்டபத்திலும் இல்லை. மயிலாப்பூர் மாடவீதியில், நடுத்தெருவில், பஜனையில். அதற்கு டிக்கெட் கிடையாது, முன்வரிசை கிடையாது. கூட நடந்தால் போதும், கூடப் பாடினால் போதும். பக்கத்து ஆளைவிடச் சத்தமாகப் பாடினாலும் யாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டார்கள்.

எங்கப்பா அந்தத் தெருவில் நடந்திருக்க வேண்டியவர்.

பின்வரிசைத் தம்பிகளே, இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் உங்க போனில் சிவகவி என்று போட்டுத் தேடுங்கள். உங்க வீட்டில் எழுபது வயசுக்கு மேலே யாராவது இருந்தால், அவர்கள் பக்கத்தில் வைத்துப் போடுங்கள். அவங்க வாயசைக்கறாங்களான்னு பாருங்க. அசைச்சாங்கன்னா, கையைப் புடிச்சு அமுத்தாதீங்க.